22 ஆயிரம் ரூபாய் டேபிள் ஸா ஏன் 47 ஆயிரம் ஆகிறது: மூன்று மெஷின்கள், ஒரு கணக்கு

கார் நிற்கும் இடத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி. வீட்டில் சிங்கிள் ஃபேஸ் மின்சாரம். செய்ய நினைப்பது ஸ்டூல், புத்தக அலமாரி, சமையலறை இழுப்பறை, எப்போதாவது ஒரு ஜன்னல் சட்டம். மரம் தேக்கு, வேம்பு, ரப்பர் மரம், முக்கால் இன்ச் பிளைவுட். ஒதுக்கிய தொகை 45,000 ரூபாய். வாங்க நினைப்பது டேபிள் ஸா, அதாவது மேசை நடுவே நீட்டி நின்று சுழலும் வட்டப் பிளேடில் பலகையைத் தள்ளிக் கிழிக்கும் மெஷின். வாங்குபவர் முன்னால் அப்படி மூன்று மெஷின்கள் இருக்கின்றன.

முதலாவது, மூடப்போகும் ஒரு மரப்பட்டறையின் வார்ப்பிரும்பு மெஷின்: 12 இன்ச் பிளேடு, 2 ஹெச்.பி. மோட்டார், கேட்கும் விலை 22,000. இரண்டாவது, 10 இன்ச் கம்பெனி மெஷின், 1800 வாட், இரண்டு வருடம் ஓடியது, 28,000. மூன்றாவது, அதே வகையில் புதியது, பில்லோடு 46,000.

கோவை, மதுரை, சென்னை என்று எந்த ஊரில் தேடினாலும் சின்ன மாற்றங்களோடு இதே மூன்றும்தான் எதிரே வந்து நிற்கும் என்பதால், இதை மாதிரி நிகழ்வாக எடுத்துக்கொள்கிறோம். ரூபாய்த் தொகைகள் கணக்கைக் காட்ட வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்ட வேண்டிய இனங்கள் இவைதான்.

டேபிள் ஸாவின் விலை என்பது விற்பவர் சொல்லும் தொகை அல்ல. வீட்டில் இறக்கி, கரண்ட் கொடுத்து, ஒரு பலகையை நேராகவும் பயமில்லாமலும் கிழிக்கும் வரை கையை விட்டுப் போகும் மொத்தப் பணம் அது.

எவ்வளவு பெரிய மெஷின் தேவை

முழு 8×4 பிளைவுட் ஷீட்டை டேபிள் ஸாவில் கிழிக்கும் ஆசையை முதலில் விட்டுவிட வேண்டும். முக்கால் இன்ச் ஷீட் ஒன்று முப்பது கிலோவுக்குக் குறையாது. இருபத்தைந்து கிலோ மெஷின் மேல் அதைத் தனி ஆளாகத் தள்ளினால் ஷீட் நகர்கிறதோ இல்லையோ, மெஷின் நகரும். ஷீட்டைத் தரையில் தெர்மாகோல் பலகை மேல் போட்டு, கை சர்க்குலர் ஸாவும் நேரான அலுமினியப் பட்டையும் கொண்டு பெரிய துண்டுகளாக்கிவிட்டு, அதன் பிறகு டேபிளுக்குக் கொண்டுவருவதுதான் சரி. இப்படி வேலை செய்தால் ஃபென்ஸ் (பலகையை ஒட்டித் தள்ளும் பக்கத் தடுப்பு) பிளேடிலிருந்து 24 இன்ச் விரிந்தாலே போதும். 32 இன்ச் விரியும் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீட்டுப் பட்டறையில் பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

வெட்டும் ஆழம் மூன்று இன்ச் இருந்தால் வீட்டு வேலை எல்லாம் முடியும். 10 இன்ச் பிளேடு போடும் மெஷின்கள் இதைத் தருகின்றன: டிவால்ட் டி.டபிள்யூ.இ. 7492-இல் 77 மி.மீ., பாஷ் ஜி.டி.எஸ். 10 ஜே-யில் 79, மக்கிட்டா எம்.எல்.டி. 100-இல் 93. வாட் கணக்கில் முறையே 2000, 1800, 1500. மக்கிட்டாவில் வாட் குறைவு, ஆழம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். வாட்டை மட்டும் பார்த்து மெஷின் வாங்குவது சி.சி. மட்டும் பார்த்து வண்டி வாங்குவது போலத்தான்.

இடத்தைப் பொறுத்தவரை மெஷினின் அளவு பெரிய விஷயமில்லை. ஏழடிப் பலகையைக் கிழிக்கப் பிளேடுக்கு முன்னால் ஏழடி, பின்னால் ஏழடி வேண்டும். பன்னிரண்டு அடி இடத்தில் இது நடக்காது. கேட்டைத் திறந்துவைத்து, பலகை தெருப்பக்கம் வெளியே வரும்படி மெஷினைத் திருப்பி வைத்தால் நடக்கும். வாங்கும் முன் ஒரு நூலைப் பிடித்து அளந்து பார்ப்பது நல்லது.

முதல் மெஷின்: வார்ப்பிரும்பின் ஆசை

கனமான மேசை, அதிராத ஓட்டம், பெல்ட் போட்ட இண்டக்‌ஷன் மோட்டார். கம்பெனி மெஷின்களின் காதைக் கிழிக்கும் சத்தம் இதில் இல்லை. பார்த்த மாத்திரத்தில் மனம் சாய்ந்துவிடும். அதனால் முதல் வேலையாக மோட்டாரின் பெயர்ப்பலகையைத் துடைத்துவிட்டுப் படிக்க வேண்டும். இங்கே அதில் இருப்பது: 415 வோல்ட், மூன்று ஃபேஸ், 1440 ஆர்.பி.எம்.

வீட்டில் மூன்று ஃபேஸ் இல்லை. வழிகள் இரண்டு. மோட்டாரையே மாற்றி 2 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் போடலாம். அல்லது சிங்கிள் ஃபேஸ் உள்ளே வாங்கி மூன்று ஃபேஸாக வெளியே கொடுக்கும் வி.எஃப்.டி. டிரைவ் வைக்கலாம். டிரைவ் கொடுப்பது 230 வோல்ட் மூன்று ஃபேஸ்தான், 415 அல்ல. மோட்டார் சுருள்களை ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதமாக இணைக்கலாம். ஸ்டார் இணைப்பில் 415 வோல்ட்டுக்கு ஓடும் மோட்டாரை டெல்டாவுக்கு மாற்றினால் அந்த 230-இல் சரியாக ஓடும். அதற்கு மோட்டார் டெர்மினல் பெட்டிக்குள் ஆறு முனைகள் வெளியே வந்திருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் மூன்றுதான் இருக்கிறது என்றால், ஸ்டார் முடிச்சு சுருளுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். மோட்டாரைக் கழற்றி, ரீவைண்டிங் கடையில் முடிச்சைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம். இதைப் பார்க்காமல் டிரைவ் வாங்கிக்கொண்டு வந்து விழிப்பவர்கள் நிறைய.

அடுத்தது வேகம். 1440-இல் ஓடும் மோட்டாரில் 12 இன்ச் பிளேடை ஒன்றுக்கு ஒன்று புல்லியில் போட்டால் பல்லின் வேகம் வினாடிக்கு 23 மீட்டர்தான். வெட்டு கரகரவென்று வரும், தேக்கு கருகும். மோட்டாரில் ஆறு இன்ச் புல்லி, ஷாஃப்டில் மூன்று இன்ச் என்று வைத்தால் 2880 ஆர்.பி.எம்., வினாடிக்கு 46 மீட்டர். இதுதான் வேண்டும். ஒப்பிட, 3650-இல் சுற்றும் 10 இன்ச் பிளேடு வினாடிக்கு 48 மீட்டரைத் தாண்டும்.

இனி கூட்டல். மெஷின் 22,000. கனம் ஏறக்குறைய 180 கிலோ, குட்டி யானையும் ஏற்றி இறக்க நாலு ஆளும் 3,500. டிரைவ் 10,000. 12 இன்ச் டி.சி.டி. (கார்பைடு பல் வைத்த) பிளேடு 2,800. பெல்ட் இரண்டு 700. ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டியபோது ‘டக்’ என்று ஒரு விளையாட்டம், ஆகவே பேரிங் இரண்டு 900, மாற்றும் லேத் பட்டறைக் கூலி 1,500. ஃபென்ஸ் என்ற பெயரில் இருப்பது சி-கிளாம்ப் போட்ட ஓர் ஆங்கிள் இரும்பு. சதுரக் குழாயில் ஒழுங்கான ஃபென்ஸ் செய்ய 6,000. மொத்தம் 47,400. புது மெஷினைவிட 1,400 அதிகம். இவ்வளவும் செய்த பிறகும் ரைவிங் நைஃப் என்னும், பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்புத் தகடு கிடையாது, ஏனென்றால் மெஷினில் அதை மாட்டும் இடமே இல்லை.

ரைவிங் நைஃப் இல்லாதது சின்னக் குறை அல்ல. மரத்தைக் கிழிக்கும்போது அதற்குள் அடங்கிக் கிடந்த இறுக்கம் அவிழ்ந்து, வெட்டிய பிளவு பின்பக்கம் மூடிக்கொள்ளப் பார்க்கும். முறுக்கு நார் உள்ள வேம்பில் இது கண்முன்னே நடக்கும். பிளேடின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறுபவை. மூடும் மரம் அவற்றைப் பிடித்தால் பலகையைத் தூக்கி ஆளை நோக்கி எறியும். ஆசாரிகள் ‘மரம் எத்துது’ என்பது இதைத்தான். பிளேடுக்குப் பின்னால், பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு தகடு அந்தப் பிளவை மூட விடாமல் பிடித்திருந்தால் எத்துவது வெகுவாகக் குறையும். மேசையில் நிலையாக நட்ட தகடு பாதிப் பலன்தான் தரும். பிளேடை இறக்கினால் இடைவெளி கூடிவிடும். முழு ஆழம் வெட்டாமல் காடி எடுக்கும்போது கழற்றியே ஆக வேண்டும், கழற்றியது திரும்ப மாட்டப்படுவது அபூர்வம்.

இதே மெஷினில் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் இருந்திருந்தால் டிரைவ் செலவு போய் 37,400. அப்போதுகூடப் பேரம் பேசி 15,000-க்கு முடிந்தால்தான் யோசிக்கலாம். தினமும் ஆறு மணி நேரம் ஓட்டுபவருக்குக் கணக்கு வேறு, அவருக்கு வார்ப்பிரும்புதான். வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு இது இல்லை.

கட்டர் கவிழ்த்த மேசை

நாலாவதாக ஒன்றை யாராவது கட்டாயம் சொல்வார்கள்: ‘மார்பிள் கட்டரை வாங்கி பிளைவுட்டுக்கு அடியில் கவிழ்த்துப் போடு, எட்டாயிரத்தில் முடிஞ்சுது.’ கட்டட சைட்டுகளில் எங்கும் காணலாம். கட்டரின் வேகம் 12,000 ஆர்.பி.எம். அளவில். சுவிட்ச் மேசைக்கு அடியில், பெரும்பாலும் டேக் போட்டு அழுத்தியே கட்டப்பட்டிருக்கும். ஆழம் ஓர் இன்ச்சும் கொஞ்சமும். ரைவிங் நைஃப் இல்லை, மூடி இல்லை, அவசரத்துக்குக் கரண்டை நிறுத்தச் சுவரில் இருக்கும் சுவிட்சுக்கு ஓட வேண்டும். ஆழம் போதவில்லை என்று பெரிய பிளேடை மாட்டுபவர்கள் உண்டு. பிளேடின் மேல் அச்சிட்ட உச்ச ஆர்.பி.எம்.-ஐப் படித்தால் அந்தக் கை நடுங்கும். விலை எவ்வளவு குறைந்தாலும் இந்தக் கணக்கில் இது சேராது.

இரண்டாவது மெஷின்: அளந்து பார்த்தல்

28,000 கேட்கும் கம்பெனி மெஷினுக்குத்தான் நேரம் செலவிடத் தகும். பையில் எடுத்துப்போக வேண்டியவை: இரண்டடி ஸ்டீல் ஸ்கேல், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மூலைமட்டம், ஆலன் கீ செட், டார்ச், நல்ல 10 இன்ச் பிளேடு ஒன்று, ஓர் இன்ச் தடிமனும் இரண்டடி நீளமும் உள்ள தேக்குத் துண்டு இரண்டு. டயல் கேஜ் (நுண்ணிய அசைவை ஊசியில் காட்டும் கருவி) இருந்தால் நல்லது. ஆனால் இந்த மெஷின்களின் மேசை அலுமினியம், கேஜின் காந்த அடி ஒட்டாது. மேசைப் பள்ளத்தில் (பிளேடுக்குப் பக்கத்தில் முன்னும் பின்னுமாக ஓடும் நீளப் பள்ளம்) ஓடும் ஒரு மரக்கட்டையில் டயலைக் கட்டிக்கொள்ள வேண்டும். டயல் இல்லாவிட்டால் அதே கட்டையில் ஒரு ஸ்க்ரூவை முடுக்கி, ஸ்க்ரூத் தலைக்கும் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைத்தும் அளக்கலாம். பழைய முறை, துல்லியம் குறைவதில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்கேலைக் குத்தாக நிறுத்தி, மேசையின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக் கோடுகளிலும் பிளேடின் இருபுறமும் வைத்து அடியில் வெளிச்சம் பாருங்கள். கால் மி.மீ. பள்ளம் பரவாயில்லை. பிளேடுக்குப் பக்கத்தில் மேடு இருந்தால் பலகை அதன் மேல் ஆடும், எந்த வெட்டும் மூலைமட்டத்துக்கு வராது. அலுமினிய வார்ப்பில் இதைத் திருத்த வழியில்லை.

பிறகு பிளேடைக் கழற்ற வேண்டும். நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்ற குழப்பத்துக்கு ஒரே விதி: பற்கள் பார்க்கும் திசையில் திருப்பினால் கழலும். மோட்டார் சுழலத் தொடங்கும்போது நட்டு தானாக இறுகும்படி மரை வெட்டப்பட்டிருப்பதால் இப்படி. உள்ளிருக்கும் இரண்டு ஃபிளாஞ்சுகளும் (பிளேடை இருபுறமும் பிடிக்கும் வட்டத் தகடுகள்) அந்த மெஷினுக்குரியவைதானா, ஹார்டுவேர் கடை வாஷரா என்று பாருங்கள். ஷாஃப்டை வெர்னியரில் அளங்கள். 25.4 மி.மீ. துளையும் 30 மி.மீ. துளையும் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே மாடலே நாட்டுக்கு நாடு மாறி வரும். 30 துளை பிளேடை 25.4 ஷாஃப்டில் ரிங் போட்டு மாட்டலாம், எதிர்மாறாக முடியாது.

நீங்கள் கொண்டுபோன பிளேடை மாட்டிக் கையால் சுற்றி, விளிம்புக்குச் சற்று உள்ளே உடல் தகட்டில் ஆட்டத்தை அளக்க வேண்டும். 0.1 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. 0.2-ஐ நெருங்கினால் யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஷாஃப்ட் முனையிலும் பிளேடிலும் மார்க்கரால் ஒரே நேரில் கோடு போட்டு, அதிகம் தள்ளும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்த்திப் பிளேடை மட்டும் அரை வட்டம் திருப்பி மறுபடி அளங்கள். தள்ளும் இடம் பிளேடோடு நகர்ந்தால் பிளேடு வளைந்தது, பிரச்சினை சில நூறு ரூபாயில் முடியும். ஷாஃப்ட் கோட்டோடு அங்கேயே நின்றால் ஃபிளாஞ்சோ ஷாஃப்டோ கெட்டது. நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அடுத்து பிளேடு மேசைப் பள்ளத்துக்கு இணையாக இருக்கிறதா என்பது. ஒரு பல்லில் குறி வையுங்கள். அது முன்பக்கம் இருக்கும்போது ஓர் அளவு, அதே பல்லைப் பின்பக்கம் சுற்றிக் கொண்டுபோய் இன்னோர் அளவு. அதே பல்லை எடுப்பதால் பிளேடின் வளைவு கணக்கில் கலக்காது. வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதிகமென்றால் அது பேரம் பேச நல்ல இடம், ஏனென்றால் பெரும்பாலும் மேசைக்கு அடியில் உள்ள போல்ட்டுகளைத் தளர்த்திச் சரிசெய்யக்கூடியது. ஃபென்ஸும் இதே பள்ளத்துக்கு இணையாக நிற்க வேண்டும். பின்பக்கம் மயிரிழை விலகியிருக்கலாம், உள்ளே சாயவே கூடாது. சாய்ந்தால் பலகை பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே ஆப்பாகி எத்தும்.

உயரம் ஏற்றும் சக்கரத்தைக் கீழிருந்து மேல் வரை முழுதாகச் சுற்றுங்கள். நடுவில் பிடித்துக்கொண்டால் பல்சக்கரத்தில் கிரீஸும் மரத்தூளும் சேர்ந்து சிமெண்டாகியிருக்கும். பிரஷும் மண்ணெண்ணெயும் போதும். சுத்தம் செய்தபின் கிரீஸ் போடக்கூடாது, மெழுகு. 45 டிகிரி சாய்த்து, மறுபடி 90-க்குக் கொண்டுவந்து மூலைமட்டம் வைத்தால் ஸ்டாப்பர் சரியான இடத்துக்கு வருகிறதா என்று தெரிந்துவிடும்.

இப்போது மோட்டார். இவற்றில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார்: பிரஷ் என்ற கரித்துண்டு உரசிச் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும். பக்கவாட்டு மூடியைத் திருகி பிரஷை வெளியே எடுங்கள். ஆறு மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும், விலை பெரிதல்ல. மூடி இருந்த துளை வழியே டார்ச் அடித்து, பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளான கம்யூட்டேட்டரைப் பாருங்கள். வழவழப்பான காப்பி நிறம் ஆரோக்கியம். ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் கருகியிருந்தால் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பாகம்) சுருள் போய்க்கொண்டிருக்கிறது. ஆர்மேச்சர் என்றால் ஆறாயிரம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பிளக்கைச் சொருகலாம். ஓடவிட்டு, சத்தம் கேட்க வேண்டியது ஓடும்போது அல்ல, அணைத்த பிறகு. மோட்டாரின் இரைச்சல் அடங்கிப் பிளேடு தானாகச் சுற்றி நிற்கும் அந்தச் சில வினாடிகளில் பேரிங் பேசும். ‘ஸ்ஸ்’ என்று வழுக்கி நின்றால் சரி, அரைக்கும் சத்தம் என்றால் பேரிங் முடிந்தது. பிரஷ் அருகே சின்ன நீலப் பொறி இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக மஞ்சள் நெருப்பு ஓடினால் ஆர்மேச்சர்.

கொண்டுபோன தேக்கைக் கிழியுங்கள். வெட்டிய முகத்தில் பிறை வடிவக் கீறல்கள் குறுக்கும் மறுக்குமாக இருந்தால் பின்பற்களும் உரசுகின்றன, பிளேடு இணையாக இல்லை. ஃபென்ஸ் பக்கம் மட்டும் கருகினால் ஃபென்ஸ் உள்ளே சாய்கிறது. பிறகு ஒரு துண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை மட்டும் புரட்டி, வெட்டிய முகங்களை மேசை மேல் ஒட்ட வையுங்கள். பிளேடு 90-இல் இல்லாவிட்டால் தவறு இரட்டிப்பாக, ஆப்பு வடிவ வெளிச்சமாகத் தெரியும்.

இந்த மெஷினில் வந்த முடிவு: மேசை, ஷாஃப்ட், ஆர்மேச்சர் மூன்றும் நல்லவை. பிளேடு பல் உடைந்தது, 2,200. ரைவிங் நைஃபும் பிளேடு மூடியும் காணோம், 3,800. மைட்டர் கேஜ் (பலகையைக் கோணம் பிடித்துக் குறுக்கே வெட்ட உதவுவது) இல்லை, 1,100. பிரஷ் 300. சுவிட்ச் ஒரு தடவை விட்டு ஒரு தடவைதான் பிடிக்கிறது, 500. ஆக 7,900.

ரைவிங் நைஃப் கிடைக்குமா என்பதை விலை பேசும் முன்பே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பார்ட் நம்பர் கொடுத்துக் கேட்டுவிட வேண்டும். ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம், பரவாயில்லை. வராது என்றால் வாங்குவதில் பொருளில்லை. பார்வைக்கு ஒத்த தகட்டை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்பவர்கள் தடிமனை மறக்கிறார்கள். நைஃப் பிளேடின் உடல் தகட்டைவிடத் தடிமனாகவும், பல் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பல் அகலம் 2.8, உடல் 1.8 என்றால் 2.3 மி.மீ. நைஃப் பொருந்தும். அதே மெஷினில் 2.2 மி.மீ. வெட்டும் மெல்லிய பிளேடை மாட்டினால் பலகை நைஃபில் முட்டி நிற்கும். கடுப்பில் நைஃபைக் கழற்றிப் பரணில் போடுவார்கள். பழைய மெஷின்களில் அது காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பேரம்

நல்ல நிலையில், எல்லாப் பாகத்தோடும் இருக்கும் பழைய மெஷினுக்குப் புது விலையில் அறுபது சதவீதம் கொடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 46,000-இல் அது 27,600. அதில் 7,900 கழித்தால் 19,700. இதுதான் வாய் திறந்து சொல்லும் முதல் தொகை. ‘கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்கண்ணே’ என்று கேட்பதைவிட, குறைகளை எழுதிய தாளை அவரிடம் நீட்டுவது வேலை செய்யும். அவர் 28,000 சொன்னது மெஷினை அளந்து அல்ல, இணையத்தில் இன்னொருவர் போட்ட விலையைப் பார்த்து. 21,500-இல் முடிந்தது என்றால், பழுது 7,900, வண்டிச் செலவு 600, மொத்தம் 30,000. புதியதைவிட 16,000 மிச்சம்.

ஆர்மேச்சரும் போயிருந்தால் முதல் தொகை 13,700-க்கு இறங்கியிருக்கும். அதற்கு எந்த விற்பவரும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்க வைக்க முயலவும் வேண்டாம்.

பழைய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். சீரியல் நம்பர் தகடு சுரண்டப்பட்டிருந்தால் விலையைக் கேட்காமலே திரும்பிவிட வேண்டும், சைட்டிலிருந்து காணாமல் போன மெஷினாக இருக்கலாம். ‘ராணுவத்தில் இருக்கிறேன், திடீர் மாற்றல், பாதிப் பணம் அனுப்பினால் பார்சலில் வரும்’ என்ற விளம்பரம் டேபிள் ஸாவுக்கும் வரும். மெஷினைத் தொட்டு, ஓடவிட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து வந்தவை

அமெரிக்காவிலிருந்து திரும்பி வரும் குடும்பங்களின் கண்டெய்னரில் சில சமயம் நல்ல டேபிள் ஸா வரும், மலிவாகவும் கைமாறும். அவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கார்பன் பிரஷ் மோட்டாருக்கு ஹெர்ட்ஸ் வித்தியாசம் தெரியாது, 3 கே.வி.ஏ. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடும். அதன் விலையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் நமது 50 ஹெர்ட்ஸில் வேகம் ஆறில் ஐந்து பங்காகும்: 3450 சுற்றியது 2875 சுற்றும். அந்த வேகக் குறை புல்லி மாற்றினால் சரியாகும். விரல் பட்டதும் சில மில்லி வினாடிகளில் பிளேடை நிறுத்தும் ஸாஸ்டாப் மெஷின் கிடைத்தால், பிரேக் கார்ட்ரிட்ஜ் இல்லாமல் அது ஓடாது என்பதையும், ஒருமுறை பிரேக் அடித்தால் கார்ட்ரிட்ஜும் பெரும்பாலும் பிளேடும் போச்சு என்பதையும் கணக்கில் வையுங்கள். வளைகுடா (60 ஹெர்ட்ஸ் உள்ள சவுதி அரேபியா தவிர), சிங்கப்பூர், மலேசியா மெஷின்களுக்கு பிளக் மாற்றினால் போதும்.

புதியது எப்போது

நைஃப் கிடைக்காவிட்டாலோ, பழையது 35,000-ஐத் தாண்டினாலோ புதியதுதான். ஆயுத பூஜை முதல் தீபாவளி வரை இணையத் தள்ளுபடியும், மார்ச்சில் டீலர்களின் வருடக் கணக்கு முடிப்பும் விலை இறங்கும் காலங்கள். டீலரிடம் விலையைக் குறைக்கச் சொல்வதைவிட, ஸ்டாண்டையோ 60 பல் பிளேடையோ சேர்த்துத் தரச் சொன்னால் எளிதில் இறங்கிவருவார். பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள், வாரண்டி அதைப் பிடித்துத்தான் நிற்கிறது. கூட வரும் பிளேடு பெரும்பாலும் 24 முதல் 40 பல்: கிழிப்பதற்கு நல்லது, பிளைவுட் ஓரம் பிய்யும்.

மிஞ்சிய 15,000

வாங்கியது இரண்டாவது மெஷின் என்றால் கையில் 15,000 இருக்கிறது. அதில் முதல் செலவு வயரிங். 1800 வாட் என்றால் 8 ஆம்பியர், புறப்படும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ஐந்து ஆம்பியர் பிளக் பாயிண்டில் சொருகக்கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட், சி வகை எம்.சி.பி., 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர். எக்ஸ்டென்ஷன் கேபிளும் அதே தடிமன். 0.75 வயரில் இருபது மீட்டர் இழுத்தால் ஓடும்போதே எட்டு வோல்ட் அளவுக்கு விழும், புறப்படும்போது நாற்பது வோல்ட் போகலாம். மோட்டார் முனகிச் சூடாவது மெஷினின் குற்றமாகத் தெரியும், வயரின் குற்றம் அது.

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது தானாக ஓடாத சுவிட்ச் வேண்டும். பழைய சுவிட்சைத் தூக்கிவிட்டுச் சாதாரண ஆன்-ஆஃப் போட்டிருந்தால், கரண்ட் போன நேரத்தில் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும் கையின் கீழ் பிளேடு சுழலத் தொடங்கும். இதற்கு எங்கேயும் தேடிப் போக வேண்டாம். போர்வெல் மோட்டாருக்குப் போடும் சிங்கிள் ஃபேஸ் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் இதே வேலையைச் செய்யும்: கரண்ட் போனால் விடுபடும், பச்சையை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். பம்ப்செட் கடையில் கிடைக்கும். முழங்கால் எட்டும் உயரத்தில் மாட்டினால் இரண்டு கையிலும் பலகை இருக்கும்போது முட்டியாலேயே சிவப்பை அழுத்தலாம்.

மீதியில் 60 பல் பிளேடு ஒன்று, மேசைக்குப் பின்னால் அதே உயரத்தில் இரண்டடிக்கு மூன்றடி பிளைவுட் தாங்கு மேசை ஒன்று, தூளுக்கு வேக்குவம் ஒன்று. தேக்குத் தூள் சிலருக்கு மூக்கையும் தோலையும் அரிக்கும் என்பதால் மாஸ்க். கையுறை வேண்டாம், நூல் பல்லில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். பலகையைத் தள்ளும் குச்சியை மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. முக்கால் இன்ச் பிளைவுட் கழிவில் நுனியில் ஒரு காடியோடு வெட்டி, நாலைந்து செய்து ஆணியில் தொங்கவிடுங்கள். பல் பட்டுத் தேய்வது அவைதான்.